இன்னொரு பழம் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே ஒரு இரண்டு மணி வருமே, அந்த நேரம். அம்பத்தூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஏழு பேர் எட்டுத் திசையில் சாய்ந்துகிடந்தோம். டி.வி.யில் இருபத்துநாலு மணி நேரக் காமெடி சேனல். 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காமெடி ஓடிக்கொண்டிருந்தது.

படம் வந்தது 1989-ல். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகத் தமிழ்நாடு அந்த இரண்டு பழத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. கவுண்டமணி இரண்டு பழம் வாங்கிவரச் சொல்வார். செந்தில் ஒன்றோடு வந்து நிற்பார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருப்பதையே காட்டுவார். கவுண்டமணிக்கு ரத்த அழுத்தம் எகிறும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்க் கடைசியில் அடிதடியில் முடியும்.

என் அக்கா மகன் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், ரயில்வே அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னான்:

"இன்னொண்ணு செந்தில் வயித்துல இருக்கு."

ஹால் வெடித்தது. என் மனைவி சிரித்தாள், அம்மா சிரித்தாள், நான் புரையேறிச் சிரித்தேன். யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷமாக எந்தத் தமிழனாவது கவுண்டமணிக்கு இந்தப் பதிலைச் சொன்னானா? அவர் கேட்டது நியாயமான கேள்வி. சரியான விடை இதுதான்!

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவள், போகிற போக்கில் கேட்டாள்: "இப்ப எதுக்குடா சிரிச்சீங்க? அவன் சொன்னதுக்கா, அவனுக்கா?"

எனக்கு ஏப்பம் பாதியில் நின்றுவிட்டது.

*

அக்கா மகனுக்கு வயது பதிமூன்று. ஆட்டிசம். வீடு ஆவடியில், அவன் அப்பாவுக்கு டேங்க் ஃபேக்டரியில் வேலை. பெயரை எழுதப்போவதில்லை. ஏனென்று பின்னால் சொல்கிறேன்.

அவனைப் போலக் காமெடி சேனல் பார்க்கிற ரசிகன் தமிழ்நாட்டில் இருக்கமாட்டான். நமக்கெல்லாம் அந்தச் சேனல்கள் மேல் ஒரே ஒரு புகார்தான்: "மறுபடியும் இதேவா?" அவனுக்கு அந்த 'மறுபடியும்'தான் சுகமே. காலையில் வந்த கட்டம் சாயங்காலமும் வருகிறது. அதே அடி, அதே அலறல், அதே இடத்தில் அதே டமால். உலகத்தில் மற்றதெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் மாறுகிறது. பஸ் தாமதமாகிறது, டீச்சர் லீவு போடுகிறார், கரண்ட் போகிறது. வடிவேலு மட்டும் மாறுவதே இல்லை. எத்தனை நிம்மதி!

அதோடு முடியவில்லை. அவன் பேசுவதே காமெடி வசனத்தில்தான். பசித்தால் ஒரு ஹோட்டல் காமெடியிலிருந்து ஒரு வரி வரும். தலை வலித்தால் வடிவேலு அடிவாங்கிய ஒரு வரி. வந்த விருந்தாளி கிளம்பினால் தேவலை என்று தோன்றினால் அதற்கும் ஒன்று வைத்திருக்கிறான் (எங்கள் பெரியப்பாவிடம் அதைச் சரியான நேரத்தில் சொன்னான், குடும்பமே மனசுக்குள் கைதட்டியது). எந்த வரிக்கு என்ன அர்த்தம் என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு அகராதிதான் இருக்கிறது. அது என் அக்கா.

இப்படிக் கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்கு டாக்டர்கள் 'எக்கோலாலியா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். 1943-ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பார்த்து ஆட்டிசத்தைப் பற்றி முதல் பெரிய கட்டுரை எழுதினார். திருப்பிச் சொல்லும் இந்தப் பழக்கம் அதிலேயே இருக்கிறது. வெறும் கிளிப்பிள்ளைப் பேச்சு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். பல குழந்தைகளுக்கு அதுவே பேச்சு, சொந்தச் சொல் கிடைக்காத இடத்தில் கடன் வாங்கிய சொல் என்பது பிறகுதான் புரிந்தது.

கேனருக்கு அப்புறம் கொஞ்ச காலம், 'அம்மா பாசமில்லாமல் ஐஸ்பெட்டி மாதிரி இருந்ததால்தான் பிள்ளை இப்படி' என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அது தப்பு என்று தள்ளுபடியாகிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பிறவியிலேயே மூளை வளரும் விதத்தில் உள்ள வித்தியாசம் இது. ஆனால் அந்தச் செய்தி எங்கள் உறவுக்காரப் பெண்கள் சிலருக்கு இன்னும் வந்து சேரவில்லை. "நீ வேலைக்குப் போகாம கூட இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பார்கள்.

அரசாங்கத் தமிழில் ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று ஒரு பேர் உண்டு. அக்காவுக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும். "தெருவுல பால்காரர் ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா இவன்தான் முதல்ல கண்டுபிடிக்கிறான். பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் மாறினா இவனுக்குத்தான் தெரியுது. இவனுக்கா புற உலகச் சிந்தனை இல்ல? எனக்குத்தான் இல்ல. நான் சிலிண்டர் புக் பண்ண மறந்துட்டேன்."

*

டி.வி.யில் ஆட்டிசத்தை வைத்துச் சிரிக்கவைத்ததில் உலகமறிந்த ஆள் ஷெல்டன் கூப்பர். 'தி பிக் பேங் தியரி' என்ற அமெரிக்கத் தொடர், 2007-ல் ஆரம்பித்து 2019 வரை 279 எபிசோடுகள். ஜிம் பார்சன்ஸ் நடித்தார். அந்த ஒரு வேஷத்துக்கு நான்கு எம்மி விருது வாங்கினார். ஷெல்டன் ஒரு விஞ்ஞானி. சோஃபாவில் அவருக்கென்று ஒரு இடம், அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. கதவைத் தட்டினால் மூன்று தடவை பேர் சொல்லித் தட்டுவார். கிண்டலாகப் பேசினால் புரியாது.

பார்த்தவர்கள் பாதிப் பேர், 'இது ஆட்டிசம்தானே?' என்றார்கள். தொடரை உருவாக்கிய சக் லோரியும் பில் பிராடியும் அந்த முத்திரையை ஏற்கவில்லை. அது ஷெல்டனின் சுபாவம், அவ்வளவுதான் என்றார்கள்.

நான் பி.காம். எனக்கு இதில் ஒரு கணக்கு தெரிகிறது. பேர் வைத்துவிட்டால் பொறுப்பு வந்துவிடும். சரியாகக் காட்டியிருக்கிறாயா என்று நாலு பேர் கேட்பார்கள். பேர் வைக்காதவரை லாபம் நம் கணக்கில், கடன் யார் கணக்கிலும் இல்லை.

ஆட்டிசம் உள்ள பார்வையாளர்களே இதில் இரண்டு கட்சி. 'டி.வி.யில் முதல் தடவையாக என்னைப் போல ஒருத்தன். அவனுக்கு நண்பர்கள் இருக்கிறார்கள், வேலை இருக்கிறது, கல்யாணம்கூட ஆகிறது' என்று சந்தோஷப்பட்டவர்கள் ஒரு கட்சி. 'எல்லாம் சரி, அவன் ஜோக் சொல்லி யாரும் சிரிப்பதில்லையே, அவன் இருப்பதற்கே சிரிக்கிறார்களே' என்று வருத்தப்பட்டவர்கள் இன்னொரு கட்சி. இருவருமே தப்பாகச் சொல்லவில்லை.

எங்கள் தெருவில் ஒரு ஐ.டி. பையன் இருக்கிறான். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. பேச்சுவாக்கில் ஷெல்டனைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. "சார், எங்க டீம்லயே ஒரு ஷெல்டன் இருக்கான் சார்! அப்படியே அச்சு. நாங்க அவனை அப்படித்தான் கூப்பிடுவோம்."

"அவனுக்குப் பிடிக்குமா?"

"எது சார்?"

"அப்படிக் கூப்பிடறது."

யோசித்தான். "கேட்டதில்ல சார். இப்பல்லாம் அவன் எங்களோட சாப்பிட வர்றதில்ல."

சோஃபா இடத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பையனுக்கும் இடம் உண்டு. மின்சார ரயிலில் போகிற திசையைப் பார்த்த ஜன்னலோர சீட். ஷெல்டன் இடத்தில் யாராவது உட்கார்ந்தால் ஒரு ஜோக், ஒரு சிரிப்பு, அடுத்த காட்சி. எங்கள் பையன் இடத்தில் யாராவது உட்கார்ந்தால் ஆவடி பிளாட்பாரத்தில் இருபது நிமிஷம் காதைப் பொத்திக்கொண்டு அழுகை, சுற்றி ஐம்பது பேர், நடுவில் தரையில் உட்கார்ந்து அவனை அணைத்துக்கொண்டு அக்கா. டி.வி.க்காரர்களுக்குக் கிடைத்த ஒரு வசதி எங்களுக்கு இல்லை. கட் சொல்ல ஆள் இல்லை.

வெளிநாட்டில் இதையே வேறு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2009-ல் தொடங்கிய 'கம்யூனிட்டி' தொடரில் அபெத் என்று ஒரு பாத்திரம். நடித்தவர் டேனி பூடி. அபெத்துக்கு வாழ்க்கையே சினிமா, டி.வி. வழியாகத்தான் புரியும் (எங்கள் பையனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்). அந்தத் தொடரை உருவாக்கிய டான் ஹார்மன், அபெத்தைச் சரியாக எழுதவேண்டுமே என்று ஆட்டிசத்தைப் பற்றித் தேடிப் படிக்கப் போனார். படிக்கப் படிக்க, 'அடடே, இதெல்லாம் நான்தானே!' என்று தன்னையே அதில் கண்டுகொண்டதாக அவரே சொன்னார். அடுத்த வீட்டுக்காரனை வரையப் போய்த் தன் முகத்தை வரைந்துவிட்டு வந்த மாதிரி. அதனாலோ என்னவோ, அதில் அபெத் மேல் மட்டும் சிரிப்பு விழாது. அவனைப் புரிந்துகொள்ள முடியாமல் விழிக்கிற மற்றவர்கள் மேலும் விழும்.

2017-ல் 'செஸமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் நிகழ்ச்சிக்கு ஜூலியா என்ற பொம்மை வந்தாள். ஆட்டிசம் உள்ள குழந்தை. பிக் பேர்ட் வணக்கம் சொல்கிறது, அவள் பதில் சொல்லவில்லை. தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அது வாடிவிடுகிறது. இல்லை, அவள் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும் என்று மற்றவர்கள் விளக்குகிறார்கள். ஜூலியா பொம்மைக்குள் கைவிட்டு ஆட்டியவர், நிஜத்திலும் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தாய். 2020-ல் வந்த 'எவ்ரிதிங்ஸ் கோனா பி ஓகே' நகைச்சுவைத் தொடரில், ஆட்டிசம் உள்ள பெண்ணாக நடித்த கெய்லா க்ரோமருக்கே ஆட்டிசம் உண்டு.

நம் பக்கம்?

*

நம் பக்கம் 'லூசு' இருக்கிறது.

தமிழில் அந்த ஒரு சொல்லுக்குள் நாம் எத்தனை பேரை அடைத்திருக்கிறோம் பாருங்கள்! மனநோய் உள்ளவர், அறிவு வளர்ச்சி குறைந்தவர், வெகுளி, குடிகாரர், காதலில் விழுந்தவர், சினிமாக் கதாநாயகி எல்லோரும் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஷேர் ஆட்டோகூட இவ்வளவு பேரை ஏற்றாது.

நம் டி.வி. காமெடியின் பெரும்பகுதி சினிமாக் காமெடியின் மறு ஒளிபரப்பு. திக்குவாய், காது மந்தம், மாலைக்கண், எல்லாம் அதில் அடிக்கடி வரும் சரக்கு. 1991-ல் 'சின்னத்தம்பி'யில் கவுண்டமணி மாலைக்கண்ணை மறைக்கப் பட்ட பாட்டுக்கு நானும் விழுந்து விழுந்துதான் சிரித்திருக்கிறேன். இன்றைக்குப் போட்டாலும் சிரிப்பேன் என்று நினைக்கிறேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

மறுபக்கம் பார்த்தால் கண்ணீர். 2013-ல் 'ஹரிதாஸ்' வந்தது. குமாரவேலன் இயக்கம், கிஷோர் அப்பா, சினேகா டீச்சர், ஆட்டிசம் உள்ள பையனாகப் பிரித்விராஜ் தாஸ். நல்ல மனசோடு எடுத்த படம். அக்கா தியேட்டரில் பார்த்து இரண்டு கைக்குட்டை நனைத்தாள். அதற்கப்புறம் வந்தது வினை. "உன் பையன் என்னத்துல சாம்பியன்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இது உலக வியாதி. 1988-ல் 'ரெயின் மேன்' வந்ததிலிருந்து ஆட்டிசம் என்றால் உள்ளே ஒரு கால்குலேட்டர் இருக்கவேண்டும் என்று ஆகிவிட்டது. டஸ்டின் ஹாஃப்மன் அதில் ஆஸ்கார் வாங்கினார். அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக் அபாரமான ஞாபகசக்திக்காரர்தான். ஆனால் அவருக்கு இருந்தது ஆட்டிசம் அல்ல என்று பிற்பாடு தெரிந்தது. அப்படிப்பட்ட அபார ஆற்றல் ஆட்டிசம் உள்ளவர்களில் வெகு சிலருக்கே உண்டு. இதை யார் கேட்கிறார்கள்? 2022-ல் கொரியாவிலிருந்து 'எக்ஸ்ட்ராடினரி அட்டர்னி வூ' வந்தது. ஆட்டிசம் உள்ள ஒரு பெண் வக்கீலாகிப் பிளந்துகட்டுகிறாள். எங்கள் சித்தி சப்டைட்டிலோடு பதினாறு எபிசோடையும் முடித்துவிட்டு, "இவனை லா படிக்க வைக்கலாம்டி" என்று போன் செய்தாள். அப்போது அவனுக்குச் சட்டைப் பட்டன் போடுகிற பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் அக்காவிடம் கேட்டார்: "இந்த மாதிரிக் குழந்தைங்களுக்கு ஆண்டவன் ஏதாவது ஒரு ஸ்பெஷல் திறமை குடுத்திருப்பானாமே, இவருக்கு என்ன?"

அக்கா சொன்னாள்: "தயிர் சாதம் சாப்பிடுவான் சார்."

"அதுல என்ன ஸ்பெஷல்?"

"சாம்பார், ரசம், வத்தக்குழம்பு எதையும் தொடாம நேரா தயிர் சாதத்துக்குப் போவான். உங்களால முடியுமா?"

அவர் அப்பளத்தில் கவனம் செலுத்த ஆரம்பித்தார்.

*

இனி என் பாவம்.

எட்டொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு டி.வி. நிகழ்ச்சிக்குக் காமெடி ஸ்கிட் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எந்தச் சேனல் என்பது வேண்டாம். செக் பாஸாயிற்று, அது போதும். பூந்தமல்லி தாண்டி ஒரு செட்டில் ஷூட்டிங். வேனில் ஆட்களைக் கூட்டிவந்து உட்காரவைப்பார்கள். முதல் வேலை சிரிப்பதுதான். "இப்ப பெருசா சிரிங்க... இப்ப கைதட்டுங்க... இப்ப கண்ணைத் துடைச்சிக்கங்க" என்று வரிசையாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஜோக் அப்புறம்தான் வரும். பிறகு பிரியாணிப் பொட்டலம்.

ஒரு வாரம் சரக்கு கிடைக்கவில்லை. அப்போது அக்கா மகனுக்கு நாலு வயது. இன்னும் எந்த டாக்டரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. 'ஆம்பளப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும்' என்று வீட்டில் இருந்தோம். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "சாப்பிட்டியா?" என்பான். "உன் பேர் என்ன?" என்றால் "உன் பேர் என்ன?" சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் பறவை மாதிரி உதறுவான். எனக்கு அது ரொம்ப அழகாகத் தெரிந்தது. எழுத்தாளன் வீட்டில் கண்ணில் பட்டதெல்லாம் சரக்குதானே? 'எதிரொலி ஏகாம்பரம்' என்று ஒரு பாத்திரம் பிறந்தது. இன்டர்வியூவுக்கு வருகிறான், கேட்ட கேள்வியையே திருப்பிக் கேட்கிறான், கையை உதறுகிறான், முதலாளிக்குப் பைத்தியம் பிடிக்கிறது. பிய்த்துக்கொண்டு போயிற்று. மூன்று வாரம் மூன்று எபிசோடு. பிறகு யாரோ இணையத்தில் துண்டு துண்டாகப் போட, அதற்கு அழிவே இல்லாமல் போயிற்று.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். அக்காவும் அவனும் நானும் அம்பத்தூரில் ரயில் ஏறினோம். அதிர்ஷ்டம், ஜன்னல் சீட் கிடைத்தது. அவன் குஷியாகி, கையை உதறிக்கொண்டு, "அடுத்து திருமுல்லைவாயில், அடுத்து அண்ணனூர், அடுத்து ஆவடி, அடுத்து இந்துக் கல்லூரி" என்று பாட ஆரம்பித்தான். எதிரில் இரண்டு காலேஜ் பையன்கள். ஒருவன் இன்னொருவனை இடித்தான்.

"டேய்... எதிரொலி ஏகாம்பரம்டா!"

கெட்ட பையன்கள் இல்லை. நல்ல ரசிகர்கள். ஒருவன் சிநேகமாகத்தான் குனிந்து கேட்டான்: "தம்பி, உன் பேர் என்ன?"

"தம்பி, உன் பேர் என்ன?"

பெட்டியே சிரித்தது. அதே சிரிப்பு. வேனில் வந்தவர்கள் சிரித்த அதே சிரிப்பு. இந்தத் தடவை பிரியாணி இல்லாமலே. "உங்க குவாலிஃபிகேஷன் என்ன?" என்று அடுத்த கேள்வி வந்தது. நான் எழுதிய கேள்வி. அடுத்து என்ன கேட்பான் என்றுகூட எனக்குத் தெரியும்.

அக்கா எதுவும் பேசவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு திருமுல்லைவாயிலில் இறங்கிவிட்டாள். அவனுக்கு அது தப்பான ஸ்டேஷன். அண்ணனூரும் ஆவடியும் வராமல் இறங்கியது அவன் கணக்கில் உலகமே தடம்புரண்ட மாதிரி. பிளாட்பாரத்தில் அவன் அழுததை நான் எழுதப்போவதில்லை. அவன் பேரையும் எழுதாததற்குக் காரணம் இதுதான். ஒரு தடவை அவனை எடுத்துப் பயன்படுத்தியாயிற்று. போதும்.

பத்து நாள் கழித்து ஆவடிக்குப் போய், நாலு காப்பி குடித்து, கடைசியில் சொல்லிவிட்டேன். "அக்கா, அந்த ஏகாம்பரம்... நான் எழுதினதுதான்."

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "தெரியும்டா. டைட்டில்ல உன் பேர் வந்துச்சே."

"நீ கவனிச்சியா?"

"நான் எங்க கவனிச்சேன்? அவன்தான் டைட்டில் எல்லாத்தையும் சத்தமா படிப்பானே. 'எழுத்து' ன்னு உன் பேரைப் படிச்சிட்டு, 'மாமா, மாமா'ன்னு குதிச்சான். கையை உதறிக்கிட்டு."

*

2024 ஜூலை 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திக் காமெடிப் படத்தில் மறதிக்காரர், திக்குவாய்க்காரர், மாலைக்கண்காரர் எல்லோரையும் கேலிப்பொருளாக்கியதாக நிபுன் மல்ஹோத்ரா என்பவர் வழக்குப் போட்டிருந்தார். அவரும் மாற்றுத்திறனாளி. தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி பர்திவாலாவும் படத்தில் கைவைக்கவில்லை. ஆனால் ஒரு கோடு போட்டார்கள். ஊனத்தை வைத்து ஒருவரை மட்டம் தட்டுகிற நகைச்சுவை வேறு. ஊனத்தைப் பற்றிப் புரியவைக்கிற, ஊனத்தோடு வாழ்வதிலிருந்தே வருகிற நகைச்சுவை வேறு. முதலாவது ஆளைச் சிறுமைப்படுத்தும், இரண்டாவது சிறுமையைப் போக்கும். மாலைக்கண் போன்ற நிலைமையைக் காட்டும்போது அது உண்மையில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு காட்டுங்கள் என்றார்கள். கேலிச்சித்திரமும் ஆக்காதீர்கள், அதிசய மனிதரும் ஆக்காதீர்கள் என்றார்கள். யாரைப் பற்றி எடுக்கிறீர்களோ அவர்களைக் கேட்டு எடுங்கள் என்றார்கள். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ஆகவே கோடு அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

2025-ல், மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்த சில மேடை நகைச்சுவையாளர்களை மன்னிப்புக் கேட்கவும் வைத்தது அதே கோர்ட். அதே வருஷம் ஆமிர் கானின் 'சித்தாரே ஜமீன் பர்' வந்தது. 2018-ல் வந்த ஸ்பானியப் படத்தின் தழுவல். பாஸ்கெட்பால் குழுவாக வரும் பத்துப் பேரும் நிஜமாகவே ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றோடு வாழ்கிறவர்கள். முக்கால்வாசிக் காட்சிகளில் அசடு வழிவது அவர்களில்லை, கோச்சாக வரும் ஹீரோதான்.

தீர்ப்பின் சாரத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தான் சொல்லியிருக்காங்க. ஆனா ஒண்ணுடா. அவனை வச்சு ஜோக்கே எழுதக் கூடாதுன்னு நான் சொல்லல. 'சாமி குழந்தை, தெய்வக் குழந்தை'ன்னு கையெடுத்துக் கும்பிடறாங்களே, அவங்க தொல்லை இதைவிடப் பெருசு. சாமிக்கு எவன் பக்கத்துல உட்கார இடம் குடுப்பான்? தூரத்துல வச்சுத்தான் கும்பிடுவான். சிரிங்க. எங்க வீட்ல நடக்கற கூத்துக்கு நாங்களே சிரிக்கறோம். அவன் இறங்க வேண்டிய ஸ்டேஷன்ல இறங்கற மாதிரி சிரிங்க. அவ்வளவுதான்."

காமெடி எழுதுவதை நான் விட்டுவிடவில்லை. வாடகை இருக்கிறதே! ஆனால் ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு ஒரு கணக்குப் பார்க்கிறேன். கேமரா போனபிறகு இந்த ஆள் எந்த ரயிலில், யார் எதிரில் உட்கார்ந்து வீடு போவான் என்று. கணக்கு உதைத்தால் கிழித்துவிடுகிறேன். இதனால் வருமானம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. என் மனைவி இதை 'நஷ்டக் கணக்கு' என்கிறாள். இருக்கட்டும்.

போன ஞாயிறு ஆவடிக்குப் போயிருந்தேன். அக்கா அவன் கையில் காசு கொடுத்து, எதிர்க் கடைக்குத் தனியாக அனுப்பினாள். இரண்டு வாழைப்பழம். ஜன்னல் வழியாக இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். ரோடு தாண்டினான். கேட்டான். காசு கொடுத்தான். கடைக்காரர் என்னவோ சொல்ல, அவன் அதையே திருப்பிச் சொல்ல, அவர் சிரிக்காமல் தலையாட்டி மீதிச் சில்லறை கொடுத்தார்.

திரும்பி வந்தான். கையில் ஒரே ஒரு பழம்.

நான் கேட்டேன்: "டேய், இன்னொண்ணு எங்கடா?"

பதில் சொல்லவில்லை. ஜூலியா மாதிரிக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு பழத்தை என்னிடம் நீட்டினான். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். என் முகத்தை ஓரக்கண்ணால் ஒரு தடவை பார்த்தான். பார்த்துவிட்டு, கையை உதறிக்கொண்டு, வீடு அதிரச் சிரித்தான்.

ஜோக் அவனுடையது. முதலில் சிரித்தவனும் அவன்தான். நாங்கள் இருவரும் அப்புறம்தான் சேர்ந்துகொண்டோம்.